டாக்டரா, டொக்டரா? பிள்ளைகளின் நோட்டில் எதைத் திருத்துவது?

வகுப்பறை:
எல்லோருக்கும் வணக்கம். நான் மதுரைக்காரி, இப்போது இருப்பது டொராண்டோ. ஸ்கார்பரோ பக்கம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பாதிக்கு மேல் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளைகள். மற்றவர்கள் சென்னை, கோவை என்று தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். தமிழ்ச் சொற்களில் பெரிய சிக்கல் வருவதில்லை. ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதும்போதுதான் தகராறு.

ஒரு பையன் 'மாமி டொக்டர், அம்மா ரீச்சர், அப்பா ரக்சி ஓடுறார்' என்று எழுதியிருந்தான். பக்கத்தில் இருந்த பெண் 'ரீச்சராம்!' என்று ரகரத்தை உருட்டிப் படிக்க, நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அதை அங்கேயே நிறுத்திவிட்டேன். ஆனால் நோட்டைத் திருத்த உட்கார்ந்தால் கை ஓடவில்லை. எனக்குப் பழக்கம் டாக்டர், டீச்சர், டாக்ஸி. அவன் வீட்டில் பேசுவது வேறு. இதில் பிழை என்று எதைச் சொல்வது? காரணம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள்.

கரிசல்காடு:
திருத்துங்கள் டீச்சர், யோசிக்க என்ன இருக்கிறது? எழுத்துக்கு ஒரு பொது வழக்கு வேண்டும். ஒரே சொல்லை ஆளுக்கு ஒரு மாதிரி எழுதினால் இணையத்தில் தேடும்போது ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. 'ரயர்' என்று எழுதினால் அது டயரா, வேறு ஏதாவதா என்று கோவில்பட்டியில் இருக்கிற எனக்கு எப்படித் தெரியும்? ரயிலுக்கும் அதே ர, டயருக்கும் அதே ர என்றால் படிப்பவன் பாடு திண்டாட்டம். பிள்ளை வீட்டில் எப்படி வேண்டுமானாலும் பேசட்டும். நோட்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

வடமராட்சியான்:
அக்கா, அவசரப்பட்டுத் திருத்தி விடாதேங்கோ. அந்தப் பிள்ளை ரகரத்தை ரகரமாகச் சொல்லவே இல்லை. எழுதுவதுதான் ர. சொல்வது வேறு ஒலி.

நாக்கை வைத்துப் பார்த்தால் உடனே விளங்கும். 'த' சொல்லும்போது நாக்கு நுனி பல்லில் படும். 'ட' சொல்லும்போது நாக்கு மேலே மடிந்து அண்ணத்தில் படும். ஆங்கிலத்தில் 'டீ', 'டைம்' என்று தொடங்குகிற ஒலி இந்த இரண்டுக்கும் நடுவே, மேற்பல்லுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் பிறக்கிறது. அந்த நடு இடம் எங்கட பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. காற்று, சேற்றில், வெற்றிலை என்று நாங்கள் கதைக்கும்போது 'ற்ற' வருகிற இடத்தில் நாக்கு அந்த மேட்டில்தான் தட்டும். தமிழ்நாட்டுப் பேச்சில் அது காத்து, சேத்துல, வெத்தலை என்று பல்லுக்கு இறங்கிவிட்டது. ஆகவே ஆங்கில ஒலியைக் கேட்டதும் உங்கட காது பக்கத்தில் இருந்த 'ட'வை எடுத்தது. எங்கட காது 'ற்ற'வை எடுத்தது. அதனால்தான் ரிக்கற், சொக்லேற், லைற் என்று எழுதுகிறோம். சொல்லின் தொடக்கத்தில் றகரம் வராதபடியால் அதன் இடத்தில் ர வந்தது. பிளேன்ரீ (பால் இல்லாத தேநீர்) என்று கடைப்பலகையில் எழுதியிருந்தால் யாழ்ப்பாணத்தில் ஒருவரும் ரகரத்தை உருட்டிப் படிக்க மாட்டினம்.

இன்னொன்று. எங்கட எழுத்தில் டொக்டருக்கும் டொலருக்கும் ட, ரீச்சருக்கும் ரக்சிக்கும் ர. அதாவது ஆங்கிலத்தில் இரண்டு வேறு எழுத்தாக இருப்பதை நாங்களும் இரண்டாக வைத்திருக்கிறோம். 'நான் ரவுணுக்குப் போறன்' என்றால் நகரத்துக்கு. 'டவுன்' என்றால் கீழே. தமிழ்நாட்டில் கடைவீதிக்குப் போவதும் டவுன், சர்வர் படுத்துக்கொண்டாலும் டவுன். கரிசல்காடு அண்ணா ரயில், ரயர் குழப்பத்தைக் கேட்டார். ஞாயமான கேள்வி. ஆனால் குழப்பம் உங்கட பக்கமும் இருக்கிறது.

கரிசல்காடு:
டவுன் விஷயம் சரி. ஆனால் எங்களுக்கு அந்த வேறுபாடே தெரியாது என்று சொல்ல முடியாது தம்பி. சொல்லின் தொடக்கத்தில்தான் தமிழ் எழுத்து கைகொடுப்பதில்லை. நடுவிலும் கடைசியிலும் நாங்கள் தெளிவாகவே பிரிக்கிறோம். எங்கள் ஊர்க் கிழவி நோட்டு என்பாள், ரோடு என்பாள். ஒன்றில் ட்டு, இன்னொன்றில் டு. கேட்டு, கார்டு. பிளேட்டு, பிளேடு. பள்ளிக்கூடம் போகாதவள்கூட இதை மாற்றிச் சொல்ல மாட்டாள். வல்லினம் இரட்டித்தால் வன்மையாக ஒலிக்கும், உயிர்களுக்கு நடுவில் தனியாக வந்தால் மென்மையாக ஒலிக்கும் என்பது தமிழின் பழைய ஏற்பாடு. அதை அப்படியே ஆங்கிலச் சொல்லுக்கும் போட்டுவிட்டாள்.

கடைசியில் ஒட்டுகிற உகரத்தைப் படித்தவர்கள் கேலி செய்வார்கள். பஸ்ஸு, லைட்டு, கப்பு. அதுவும் கிழவியின் அறியாமை இல்லை. தமிழில் எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் முடியாது. தொல்காப்பியம் சொன்ன விதி அது. கேலி செய்கிறவரே 'நாக்கு', 'வீடு', 'காது' என்று நாள் முழுக்க உகரம் போட்டுத்தான் பேசுகிறார்.

நாஞ்சிலான்:
இரண்டு பேரும் மெய்யெழுத்தைப் பிடித்துக்கொண்டீர்கள். பெரிய வேறுபாடு உயிரில் இருக்கிறது. டாக்டர், டொக்டர் என்பதில் அந்த முதல் உயிர்.

ஆங்கிலேயன் 'டாக்டர்' என்று சொல்லும்போது வருவது ஆகாரமும் இல்லை, நம்முடைய ஒகரமும் இல்லை. வாயை ஆ அளவுக்குத் திறந்து உதட்டைக் கொஞ்சம் குவித்தால் அது வரும். தமிழில் அதற்கு எழுத்து கிடையாது. இந்தி, மராத்தி எழுத்தில் அதற்கென்றே ஆகாரத்தின் தலையில் ஒரு பிறையைப் போட்டுக்கொண்டார்கள். நமக்குப் பிறை இல்லாததால் ஏதாவது ஒரு பக்கம் சாய வேண்டியிருந்தது. தமிழ்நாடு ஆ பக்கம் சாய்ந்தது: டாக்டர், காலேஜ், ஆபீஸ், சாக்லேட், அக்டோபர். இலங்கை ஒ பக்கம் சாய்ந்தது: டொக்டர், கொலிஜ், ஒபீஸ், சொக்லேற், ஒக்டோபர்.

நான் நாகர்கோவில். எங்களுக்கு இரண்டு பக்கமும் காது உண்டு. மலையாளிகள் டோக்டர், கோளேஜ், ஓபீஸ் என்று நீட்டுவார்கள். ஆந்திராவில் டாக்டர்தான். சரி, மலையாளம் எப்போதும் ஓ என்று முடிவு கட்டினால், காலையில் அவர்கள் குடிப்பது காப்பி! இலங்கையில்தான் அது கோப்பி. சிங்களத்திலும் கோப்பி, மலாயில் கோப்பி, டச்சு மொழியில் கோஃபி. இலங்கைக் கடற்கரையில் டச்சுக்காரர்கள் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு இருந்தார்கள். அலுவலகத்துக்குக் கந்தோர், பத்திரம் எழுதுபவருக்கு நொத்தாரிசு என்ற பெயர்கள் அவர்களிடமிருந்து வந்தவை. ஒகரம் போட்ட அந்நியச் சொற்கள் அங்கே ஆங்கிலத்துக்கு முன்னாலேயே நாக்கில் பழகிவிட்டன. டொக்டர் அங்கே இயல்பாக நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

வடமராட்சியான்:
நாஞ்சிலான் அண்ணா, நல்ல விளக்கம். அதோடு நீளத்தையும் சேருங்கோ. ஆங்கிலத்தில் குறில் ஒன்று, நெடில் ஒன்று இருக்கிறது. நாங்கள் குறிலுக்கு ஒ, நெடிலுக்கு ஓ: டொக்டர், கொலர். ஆனால் கோல், ஹோல், ஓகஸ்ட். தமிழ்நாட்டில் இரண்டும் ஆ: டாக்டர், காலர். அப்புறம் கால், ஹால், ஆகஸ்ட். 'உங்களுக்கு ஒரு கால் வந்தது' என்று சென்னை நண்பர் முதன்முதல் சொன்னபோது எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. 'ஆஃப்' என்பதும் அப்படி. லைட்டை அணைப்பதும் ஆஃப், முட்டையில் அரைவேக்காடும் ஆஃப் பாயில். எங்கட பக்கம் ஒன்று ஓஃப், மற்றது ஹாஃப். வீட்டில் என்றால் அம்மா 'லைற்றை நூர்' (அணை) என்றுதான் சொல்லுவா.

வகுப்பறை:
இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கனடாவில் பிறந்த பிள்ளைகள் ஆங்கிலம் பேசும்போது அந்தக் குறில், நெடில் வேறுபாடே இல்லை. 'கட்டில்' என்ற பொருளில் வருகிற 'காட்', 'பிடித்தான்' என்ற பொருளில் வருகிற 'காட்', இரண்டும் அவர்கள் வாயில் ஒன்றுதான். இங்கிலாந்தில் அவை தனித்தனி. கனடா முழுக்கவும் அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் கலந்துவிட்டன. ஆக வகுப்பில் உள்ள யாழ்ப்பாணத்துப் பிள்ளை தமிழ் எழுதும்போது வேறுபாட்டைக் காட்டுகிறது, அதே பிள்ளை ஆங்கிலம் பேசும்போது காட்டுவதில்லை. 'டாக்டர்' என்று அமெரிக்கர் சொல்வது கிட்டத்தட்ட மதுரை டாக்டர்தான்.

கரிசல்காடு:
நானும் அதைத்தான் கேட்க வந்தேன். மூலச் சொல் ஆங்கிலம். ஆங்கிலேயன் எப்படிச் சொல்கிறானோ அதற்கு எது நெருக்கமோ அதை வைத்துக்கொள்வோம். பிரச்சினை தீர்ந்தது.

லீட்ஸ்வாசி:
எந்த ஆங்கிலேயன், அண்ணா?

நான் யார்க்‌ஷயரில், லீட்ஸ் நகரத்தில் செவிலியர். திருச்சியில் படித்தபோது எங்களுக்குக் கற்றுக்கொடுத்த ஆங்கிலம் லண்டன் பக்கத்து ஆங்கிலம். கிளாஸ், பாஸ், பாத் என்று ஆகாரத்தை நீட்டுவோம். இங்கே வார்டில் யாரும் நீட்டுவதில்லை. குளியல் என்றாலும் புல் என்றாலும் சிரிப்பு என்றாலும், 'பேட்' என்ற கிரிக்கெட் மட்டையில் வருகிற அதே குறுகிய ஒலிதான். பஸ் இங்கே 'புஸ்'. கப் இங்கே 'குப்'. வந்த புதிதில் ஒரு வயதான நோயாளி, 'குப்பா டீ' கிடைக்குமா என்று கேட்டார். நான் அதை மருந்தின் பெயர் என்று நினைத்து அட்டவணையைப் புரட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் கையைக் கோப்பை மாதிரி வைத்துக் காட்டினார்.

இதில் யார் கெடுத்துப் பேசுகிறார்கள் என்று பார்த்தால் கணக்கு தலைகீழாகிறது. பழைய காலத்தில் 'வை' என்ற பொருளில் வருகிற 'புட்', 'ஆனால்' என்ற பொருளில் வருகிற 'பட்' இரண்டுக்கும் இங்கிலாந்து முழுக்க ஒரே உயிர்தான், உகரம். 17ஆம் நூற்றாண்டில் தெற்கே பல சொற்களில் அந்த உகரம் வாய் திறந்து அகரம் மாதிரி ஆனது. வடக்கே மாறவில்லை. 'பாத்' என்று நீட்டுவதும் பிற்பாடு தெற்கில் வந்த பழக்கம். அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர்கள் நீட்டாத ஒலியோடுதான் போனார்கள், இன்றும் பெரும்பாலான அமெரிக்கர்கள் நீட்டுவதில்லை. 'புஸ்' என்கிற என் நோயாளிதான் பழையதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். இங்கே பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் ஆர்ட்டன் என்ற பேராசிரியர் 1950 முதல் 1961 வரை 313 ஊர்களுக்கு ஆட்களை அனுப்பி, பெரும்பாலும் கிராமத்து முதியவர்களிடம் 1,300க்கு மேற்பட்ட கேள்விகள் கேட்டு எழுதி வாங்கினார். மாட்டுத்தொழுவம், அடுப்படி, உடம்பின் உறுப்புகள் என்று எல்லாம் அன்றாடச் சொற்கள். அந்த வரைபடங்களைப் பார்த்தால் ஆங்கிலேயன் என்று ஒருவனே இல்லை என்பது தெரியும்.

ஏளனமும் அங்கே புதிதில்லை. 1941இல் பிபிசி வானொலி, ஹாலிஃபாக்ஸ் ஊரைச் சேர்ந்த வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் என்பவரைத் தேசியச் செய்தி வாசிக்க வைத்தது. லீட்ஸுக்குப் பக்கத்து ஊர் அது. அவருடைய வடக்கத்திப் பேச்சைக் கேட்டுப் பலர் கோபமாகக் கடிதம் எழுதினார்கள். சொந்த நாட்டுச் செய்தியைச் சொந்த நாட்டு உச்சரிப்பில் கேட்கப் பிடிக்காதவர்கள்! வகுப்பறை அக்கா, உங்கள் வகுப்பில் சிரித்த பிள்ளைகளை நினைத்து எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் கேட்காத ஒலி அது. அந்தப் பையன் இனிமேல் வகுப்பில் வாய் திறக்கத் தயங்குவானே, அதுதான் எனக்குக் கவலை. இங்கே வேலைக்கு வந்த நம் பெண்கள் பலர், 'கன் யூ ரிப்பீட்' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்றே கூட்டங்களில் பேசாமல் இருப்பதைத் தினமும் பார்க்கிறேன். நல்ல வேலை தெரிந்தவர்கள். பேசாததால் பின்னால் நிற்கிறார்கள்.

பனியன் வியாபாரி:
திருப்பூரிலிருந்து. நூலுக்கும் கம்பளிக்கும் லூதியானா போய் வந்ததில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். 'ஸ்டேஷன்' என்ற ஒரு சொல் போதும், ஆள் எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். பஞ்சாபில் ஆட்டோக்காரர் 'சடேசன்' என்றார். அவர்களுக்குப் பள்ளிக்கூடம் 'சகூல்'. அங்கே மில்லில் வேலை செய்கிற பீகார்க்காரர்கள் 'இஸ்டேசன்', 'இஸ்கூல்'. எங்கள் ஊரில் பழைய ஆட்கள் 'டேசன்'. போலீஸ் டேசன், ரயில் டேசன்.

சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வருவது யாருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. பஞ்சாபி நடுவில் ஓர் உயிரைச் செருகினான், பீகாரி முன்னால் ஓர் உயிரை வைத்தான், நாம் ஒரு மெய்யையே கழற்றிவிட்டோம். ஸ்பெயின்காரர்களும் பீகார் வழிதான் என்று படித்திருக்கிறேன், அங்கே அது 'எஸ்தாசியோன்'. நான் பார்த்தவரை இந்த மூன்று பேருமே மற்றவன் சொல்வதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஒரு பெரிய நகரத்தில் ஒரு நேர்காணலுக்குப் போன எங்கள் பையனை 'டேசன்' என்று சொன்னதற்காகவே அறையில் இருந்தவர்கள் சிரித்து அனுப்பிவிட்டார்கள். அவன் தறி ஓட்டத்தையும் சாயக் கணக்கையும் தலைகீழாகச் சொல்வான். அதை யாரும் கேட்கவில்லை.

வடமராட்சியான்:
நாங்கள் 'ஸ்ரேசன்' என்று எழுதுகிறோம். மூன்று மெய் சேர்ந்ததுபோல் பயமாக இருக்கும், வாசித்தால் சுகமாக வரும்.

மலைச்சாரல்:
ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். இலங்கை வழக்கு என்றால் எல்லோரும் யாழ்ப்பாணத்தையே சொல்கிறீர்கள். மலையகத்தையும் கொஞ்சம் பாருங்கள்.

எங்கள் முன்னோர் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைக்கும் கொண்டுவரப்பட்டவர்கள். லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை போட்டது எல்லோருக்கும் தெரியும். அவர் ஸ்கொட்லாந்துக்காரர், தோட்டத்துரைமார் பலரும் அப்படித்தான். எங்கள் ஆட்கள் ஆங்கிலத்தைப் புத்தகத்தில் படிக்கவில்லை. துரை கத்தியதைக் காதால் கேட்டு வாயால் சொன்னார்கள். வரிசையாகக் கட்டிய வீடுகளைத் துரை 'லைன்' என்றார், எங்களுக்கு அது லயம் ஆனது. காலையில் ஆளை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுப்பதை 'பரேட்' என்றார், அது பெரட்டு. ஆள் கூடும் இடம் பெரட்டுக்களம். நூறு வருஷத்துக்கு மேலாகப் புழங்கிவிட்டதால் இன்று எங்கள் பிள்ளைகளுக்கு அவை ஆங்கிலம் என்றே தெரியாது. 'லயம்' என்று எழுதினால் யாரும் சிவப்பு மை போடுவதில்லை. 'ரீச்சர்' என்றால் மட்டும் போடலாமா?

கரிசல்காடு:
லயம் பற்றிச் சொன்னது நல்ல வாதம். லீட்ஸ் தங்கச்சி சொன்னதற்கும் என்னிடம் பதில் இல்லை, ஆங்கிலேயனை அளவுகோலாக வைக்க முடியாது. ஆனாலும் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. பாடநூல், அகராதி, தேடுபொறி இவற்றுக்கெல்லாம் ஓர் எழுத்துக்கூட்டல் வேண்டும். பேச்சில் பத்து இருக்கலாம். 'போலீஸ்' என்று தேடினால் 'பொலிஸ்' செய்தி வராமல் போவது இரண்டு பக்கத்துக்கும் நட்டம்தானே?

நாஞ்சிலான்:
அது தேடுபொறி செய்கிறவர்கள் தீர்க்க வேண்டிய வேலை அண்ணா, பத்து வயதுப் பிள்ளையின் வேலை இல்லை. மேலும் அந்தச் சொல்லையே பாருங்கள். ஆங்கிலத்தில் முதல் அசை லேசானது, இரண்டாவது நீண்டது. நாம் 'போலீஸ்' என்று இரண்டையும் நீட்டினோம். இலங்கையில் 'பொலிஸ்' என்று இரண்டையும் குறுக்கினார்கள். ஆளுக்குப் பாதி சரி.

வகுப்பறை:
இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. நான் முடிவு செய்திருப்பது இதுதான். டொக்டர், ரீச்சர், ரக்சி மூன்றுக்கும் திருத்தம் கிடையாது. அடுத்த வகுப்பில் பத்து நிமிடம் நாக்குப் பயிற்சி: த, ற்ற, ட மூன்றையும் எல்லாப் பிள்ளைகளும் கண்ணாடி பார்த்துச் சொல்ல வேண்டும். சென்னைப் பிள்ளைகளுக்கு நடுவிலுள்ளது வராது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள்தான் அதைச் சொல்லிக் காட்டப் போகிறார்கள். வாசிப்புக்கு இரண்டு நாட்டுச் செய்தித்தாளும் கொண்டுவருவேன்.

கரிசல்காடு அண்ணா சொன்ன பொது எழுத்துக்கூட்டலையும் நான் ஒதுக்கவில்லை. எட்டாம் வகுப்புக்கு மேல் போகும் பிள்ளைகளுக்கு 'மற்ற நாட்டில் இதை எப்படி எழுதுவார்கள்' என்று ஒரு பட்டியல் கொடுக்கலாம். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். அடுத்த சனிக்கிழமை முகவரி எழுதும் பாடம். ஊர்ப் பெயரை எப்படி எழுத வைப்பது? நான் டொராண்டோ என்கிறேன், அவர்கள் வீட்டில் ரொறன்ரோ.

வடமராட்சியான்:
இந்த ஊரில் பிறந்த வெள்ளையரைக் கேட்டுப் பாருங்கோ அக்கா. அவர்கள் இரண்டாவது டகரத்தையே விழுங்கிவிட்டு 'ட்ரானோ' என்றுதான் சொல்லுவினம். நீங்களும் நாங்களும் அவர்கள் சொல்லாத எழுத்துக்காகச் சண்டை பிடிக்கிறோம். என் யோசனை, இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கோ.

லீட்ஸ்வாசி:
ஸ்கார்பரோவும் அப்படித்தான். மூல ஊர் எங்கள் யார்க்‌ஷயர்க் கடற்கரையில் இருக்கிறது. கனடாவில் அந்தச் செங்குத்துக் கரையைப் பார்த்த சிம்கோ துரையின் மனைவி 1793இல் அந்த நினைப்பில் வைத்த பெயர். எங்கள் ஊரில் முதல் ரகரம் ஒலிக்காது, 'ஸ்காபரா' என்று கடைசியில் அகரம் மாதிரி முடிப்பார்கள். உங்கள் ஊரில் ரகரம் ஒலிக்கும், ஓ என்று முடியும். யாழ்ப்பாணத்துக்காரர்கள் ஸ்காபரோ என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன், முன்பாதி யார்க்‌ஷயர், பின்பாதி கனடா.

வகுப்பறை:
சரி, ரொறன்ரோ, டொராண்டோ, ஸ்காபரோ, ஸ்கார்பரோ நான்கும் செல்லும். ஒரே கட்டுரைக்குள் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாற்றி எழுதினால் மட்டும் சுழிப்பேன். அஞ்சல் குறியீடு பிழையாக இருந்தால் அதற்கு மதிப்பெண் கட்டாயம் குறையும்.